நேராக மட்டும் போகும் சைக்கிள்

சக்கரத்துக்குப் பிறகு மனிதன் கண்டுபிடித்தவற்றுள் மிக உயர்ந்தது ஹேண்டில் திரும்புகிற சைக்கிளின் கழுத்து என்றும், அதைப் பிரித்துப் பூட்டும் தத்துவம் தெரிந்தவர் சித்தூர் தாலூக்காவில் தன்னைத் தவிர யாருமில்லை என்றும் அர்த்தநாரி ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்பா ஆறுச்சாமி, அக்கா மயிலாத்தாள், இரண்டு எருமைகள். எருமைகள் மறுப்பேதும் சொல்லவில்லை. அது எழுபத்து நாலாம் வருஷம். அவன் பௌதிகம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான், அதாவது ஸ்டிரைக் இல்லாத நாட்களில்.

மயிலாத்தாள் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். வந்த நாளாகச் சமையற்கட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவளுக்கு, பெருமாட்டி மகிளா சமாஜத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வீட்டில் இருந்ததோ பெண்கள் ஓட்டுகிற சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லாததால் வேட்டியோடு ஏற வசதி என்று ஆறுச்சாமி ஏலத்தில் எடுத்து, பால் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்த வண்டி. அதில்தான் போய்வந்தாள். போன வாரம் வாய்க்கால் வளைவில் சைக்கிளோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். மிதந்த துணி மூட்டையைப் பிடிக்க இறங்கியவர்கள் நனைந்து நின்றவளைப் பார்த்த பார்வைதான் ஆறுச்சாமிக்குத் தாங்கவில்லை.

"இன்னொருக்கா உளுந்தீன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டோட இருந்துக்க அம்மிணி" என்றுவிட்டார்.

நேர் ரோட்டில் அந்த சைக்கிளைப் போல நல்ல சைக்கிள் கிடையாது. வளைவில்தான் தகராறு. ஹேண்டிலைத் திருப்பினால் யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டது போல நிற்கும். பலமாகத் திருப்பினால் வெடுக்கென்று விட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடும். விழுந்த பிறகு மயிலாத்தாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வளைவுக்கு முன்னால் இறங்குவாள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலைக் கையால் திருப்பி, போக வேண்டிய திசையில் வைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். அர்த்தநாரி இதை ஒருநாள் ரோட்டில் நின்று முழுதாகப் பார்த்தான்.

"ஏனக்கா, கல்பாத்தித் தேருக்கே மூலைக்கு மூலை இத்தனை சடங்கு இல்லையே. தேங்கா ஒடைக்கலியா?"

"நீ வேணா ஏறி ஓட்டிப் பாரு. அப்பறம் பேசு."

ஏறி ஓட்டுவது மெக்கானிக்கின் வேலை இல்லை என்பதால் அவன் ஓட்டவில்லை. கழுத்தைப் பிரித்தான். உள்ளேயிருந்த துருப்பிடித்த பேரிங் குண்டுகள் வைக்கோலுக்குள் சிதறின. திங்கட்கிழமை பிளாக் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா வகுப்பைப் பார்வையிட வருகிறாள், அன்றைக்கு டீச்சர் இல்லாவிட்டால் வேலை வேறொருத்திக்கு, என்று மயிலாத்தாள் சொன்னபோது அவன் சாணியில் குண்டு தேடிக்கொண்டிருந்தான்.

சித்தூர் சூசையப்பன் கடையில் புதுக் குண்டு வாங்கப் போனான். உதிரிக் குண்டா, வளையத்தில் கோத்ததா என்று சூசையப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதிலாக, கோத்த வளையத்தில் குண்டுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு குண்டுக்கும் பாரம் அதிகமாகும், ஆகவே உதிரிதான் விஞ்ஞானம் என்று அர்த்தநாரி ஒரு பிரசங்கம் செய்தான்.

"தம்பி, பொண்ணுக்கு மாப்பள பாக்கறவங்க கூட என்னிய இந்தப் பாடு படுத்துனதில்ல" என்று சூசையப்பன் பொட்டலம் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழுத்தோடு போயிற்று. மேல் நட்டை முறுக்கினால் ஹேண்டில் இறுகியது. தளர்த்தினால் முன்சக்கரம் லொடலொடத்தது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருப்பதாகத் தத்துவம் சொன்னது. நட்டுக்கு அந்த இடம் தெரியவில்லை. கிரீஸை வழித்துப் புதுசாக அப்பினான். குண்டுகளைக் கழுவித் துடைத்து மறுபடி அடுக்கினான். முழங்கை வரை கருப்பு. நேராக வைத்தால் ஹேண்டில் டக்கென்று உட்கார்ந்துகொண்டது. ஹேண்டிலை ஓங்கி ஓர் அறை அறைந்தான். மணிதான் அடித்தது.

ஆறுச்சாமி தீவனம் போட வந்தார். "ஏண்டா, இது சைக்கிளா, உங்க காலேஜா? தெறக்கறே, பூட்டறே, தெறக்கறே, பூட்டறே."

சாயங்காலம் குண்டுகள் உட்காரும் கீழ்க் கிண்ணத்தைத் துணியால் துடைத்தபோது நகம் எதிலோ தடுக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கிண்ணத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், குண்டுக்கு ஒன்றாக. அப்பா ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பால்கேனை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் போன வருஷங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. வளைவு வரை அந்த ரோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேர். ரோட்டின் குழியெல்லாம் அதே இடத்தில் இடித்து இடித்து, குண்டுகள் தாம் உட்காரப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தன. இப்போது புதுக் குண்டுகளும் ஒழுங்காக அதிலேயே போய் உட்கார்ந்துவிட்டன. மாற்ற வேண்டியது கிண்ணம். சூசையப்பன் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.

"ஆச்சாடா?" என்றார் அப்பா.

"ஆச்சுங்கப்பா. கைய உட்டுட்டே ஓட்டலாம்."

இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் மயிலாத்தாள் மூட்டையோடு வந்தபோது ஹேண்டிலைத் தானே பிடித்துக்கொண்டான்.

"நானே கொண்டுபோயி உடறேன். புதுக் குண்டு, கொஞ்சம் பழகோணும்."

அவள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூட்டையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். வாய்க்கால் ரோட்டில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. பெருமைப்படலாம் போலக்கூட இருந்தது. தூரத்தில் வளைவு தெரிந்தது. வளைவின் மடையில் ஆறுச்சாமி மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் வயலுக்குத் தண்ணீர் முறை இல்லை.

அர்த்தநாரி ஹேண்டிலை லேசாக அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. பிரேக்கைப் பிடித்தான்.

"எறங்குக்கா."

அவள் இறங்கினாள். அவன் முன்சக்கரத்தைத் தூக்கினான்.

"ஏண்டா, என்னாச்சு?" என்று மடையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்கப்பா."

மயிலாத்தாள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சீட்டை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள். "இன்னுங் கொஞ்சம் வலப்பக்கம்" என்றாள் மெல்ல. மண்ணைத் தொடாமல் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டே பெருமாட்டிப் பக்கம் திரும்பியது.