சுந்தரி ஊற்றிய தண்ணீர்

அது 1931ஆம் ஆண்டு. இலங்கையின் பேராதனையில் ஒரு வெள்ளைக்காரத் துரை நடத்திய சிறிய ஆய்வுக்கூடத்தில் மடவளைப் பளீலுக்கு வேலை. தெற்கேயிருந்து ரயிலில் வரும் செம்மண்ணிலிருந்து நிக்கலையும் கோபால்ட்டையும் பிரிக்க வேண்டும். லேசுப்பட்ட மண்ணல்ல அது. மணிமணியாக இருந்தால் அரித்து எடுத்துவிடலாம். இதில் உலோகம் இரும்போடு ஒட்டிக் கலந்து கிடந்தது. மண்ணைக் கந்தக அமிலத்தில் காய்ச்சிக் கரைத்து, சுண்ணாம்பு போட்டு இரும்பை அடியில் படியவைப்பார்கள். படியும்போது நிக்கலையும் அது கூட்டிக்கொண்டு போய்விடும். எட்டு மாதமாக இதே கதை.

ஒருநாள் காலையில் அடுப்பிலிருந்த கண்ணாடிக் குடுவை வெடித்து, அமிலம் பளீலின் முகத்தில் தெறித்தது. அங்கே மண் இடிக்கும் வேலை செய்த, பளீலை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கெலிஓயாச் சுந்தரி ஓடிவந்து, அவரைத் தண்ணீர்ப் பீப்பாயடிக்கு இழுத்துப்போனாள். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

"விடு சுந்தரி, எரியுது."

"எரியட்டும் நானா. கண்ண மூடாதீங்க."

பீப்பாய் வற்றியதும் கிணற்றிலிருந்து கொண்டுவரச் சொல்லி ஊற்றினாள். அரைமணி நேரம் விடவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தார். எதிரே மனைவி ஜெஸீமாவின் முகம் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பளீல்.

"உடனே கழுவியதால்தான் கண் தப்பியது" என்றார் டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து ஜெஸீமா செய்த வட்டிலப்பத்தோடு இருவரும் கெலிஓயாவுக்குப் போனார்கள். சுந்தரியின் விரல்களில் அமிலம் பட்ட புண் இன்னும் ஆறவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஜெஸீமா அழுதாள்.

"அழாதீங்கக்கா. நானா போட்ட கூச்சலுக்கு, என்னையக் கல்நெஞ்சுக்காரின்னுதான் நெனச்சிருப்பாரு."

"நெனச்சேன்தான்" என்றார் பளீல். மூவரும் சிரித்தார்கள்.

கட்டோடு படுத்திருந்த நாட்களில் பளீலுக்கு ஒன்று உறைத்திருந்தது: சுண்ணாம்பை மொத்தமாகக் கொட்டியதுதான் பிழை. வேலைக்குத் திரும்பியதும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, மணிக்கணக்கில் கலக்கினார். இரும்பு மட்டும் படிந்தது. தெளிந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நிக்கல் இருந்தால் சிவக்கும் சோதனை மருந்தை விட்டதும் நிக்கல் செக்கச்செவேலென்று திரண்டது.

துரையிடம் சொல்லுமுன் சுந்தரியைக் கூப்பிட்டார்.

"இதுக்கா நானா இத்தன பாடு?"

"இதுக்குத்தான்" என்றார் பளீல். "நீ இல்லாட்டி இந்த நெறத்த நான் பார்த்திருக்க மாட்டேன்."

சுந்தரி கையை நீட்டினாள். குழாயை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.