ஒரு மணி வரைக்கும்

தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்த அக்கா, கையை உடனே எடுத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடினாள். காலை ஏழேகால் மணி. பாதம் சில்லிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோலில் திட்டுத் திட்டாய் நீலம் பூத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவளுக்கு அதற்கு மேல் டாக்டர் வந்து சொல்ல ஒன்றுமில்லை. மூச்சைக் கவனித்தாள். ஐந்தாறு மூச்சு வேகமாக, அப்புறம் ஒன்றுமே இல்லாத இடைவெளி, அப்புறம் யாரோ கூப்பிட்டுத் திரும்பினதுபோல மறுபடி ஒன்று. மதியம் தாண்டாது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் தம்பி மனைவி நடந்தபடி படித்துக்கொண்டிருந்தாள். நாலடி போவாள், திரும்புவாள். பத்து மணிக்குப் பரீட்சை. நாற்பத்தாறு வயதில், இன்ஜினியரிங் படிப்பின் கடைசிப் பேப்பர். கணக்கு. ஏற்கனவே இரண்டு தடவை கோட்டை விட்டது. சேர்ந்ததிலிருந்து ஏழு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பது அந்த மாலைக் கல்லூரியின் விதி. இன்று எழுதாவிட்டால், இதுவரை தேறிய அத்தனை பேப்பரும் தண்ணீரில் எழுதினதுதான்.

அவள் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். கல்யாணத்துக்கு முன் வாங்கிய டிப்ளமா பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஒரு வருஷம் புது மோட்டார்கள் வரிசையாகப் புகைந்து திரும்பி வந்தபோது, கம்பி இன்னும் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். புதிதாய் வந்திருந்த இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, நீங்கள் எந்தக் காலேஜ் அம்மா என்று கேட்டாராம். ஒரு மாதம் கழித்து அதே தடிமனுக்குத்தான் கம்பியை மாற்றினார்கள். அதற்குள் இவள் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டாள்.

அக்காவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போவதாவது? அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் தம்பி அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்ஜினியரம்மா இன்னும் வரலையா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பாள். அந்தப் பெயர் தெருவில் ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கு அதிலெல்லாம் வருத்தமே கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சாப்பாடு ஆனதும் மனைவியின் சூத்திர அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு வாத்தியாராகிவிடுவான். அந்தக் கிரேக்க எழுத்துகளுக்கு அவனே பெயர் வைத்திருந்தான். ஒன்று மீசை, ஒன்று ஸ்டூல், ஒன்று தூண்டில் முள். மீசை ஈக்வல் டு என்ன என்று அவன் அதட்ட, ரெண்டு ஸ்டூல் எஃப் என்று அவள் பதில் சொல்ல, ஒரு நாள் வந்திருந்த அக்கா இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முனகிக்கொண்டே எழுந்து போனாள்.

ஆறு மாதத்துக்கு முன் நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் கேட்க, அக்கா தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: "புஸ்தகத்தைப் பாத்த நேரத்துல பாதி நேரம் அவன் இருமலைப் பாத்திருந்தா இந்த கதி வந்திருக்குமா?" அவள் கையிலிருந்த எக்ஸ்ரே கவரை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள்.

பிறகுதான் தம்பி சொன்னான். இருமல் வந்தால் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு இருமுவானாம். அவளுக்குக் கேட்டால் படிப்பை நிறுத்திவிடுவாள் என்று பயமாம். அக்காவுக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து தங்கிவிட்டாள்.

குரல் இருந்த கடைசி நாள் திங்கட்கிழமை. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் அக்காவை அருகில் அழைத்தான்.

"வியாழக்கிழமை வரைக்கும் நான் தாங்கணும்க்கா. தாங்கலேன்னா நீ தாங்கிக்கோ. ஒரு மணி வரைக்கும். பரீட்சை முடியட்டும்."

உளறாமல் படு என்று அவள் திட்டினாள். சரி என்று சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை.

எட்டே முக்காலுக்குத் தம்பி மனைவி புடவை கட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் கண் திறக்கவில்லை. அக்கா துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை பிழிந்தாகிவிட்டது, இருந்தாலும் இன்னொரு தடவை பிழிந்தாள்.

"அண்ணி, நீங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க. இன்னிக்கு நான் போகலாமா?"

"நேத்து இருந்த மாதிரிதான் இருக்கான். போயிட்டு வா."

தம்பி மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசல்வரை போய், திரும்பி வந்து, போர்வையை அவன் கழுத்துவரை இழுத்து விட்டுவிட்டுப் போனாள். தெருமுனையில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வார்டில் அவள் சொல்லாத பொய்யா? நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அதெல்லாம் அவர்கள் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடட்டும் என்று சொன்னது. புருஷனின் கடைசி மூச்சிலிருந்து ஒருத்தியை வெளியே அனுப்பிவிடுகிற பொய்யை இன்றுதான் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறாள்.

பதினொரு மணி சுமாருக்குத் தம்பி கண் திறந்தான். பார்வை வாசல் பக்கம் போயிற்று. அக்கா பஞ்சில் தண்ணீர் தொட்டு அவன் உதட்டை நனைத்தாள். குனிந்து, காதருகே, அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றாள். கொஞ்சம் பொறுத்து, நன்றாக எழுதுகிறாளாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவனுக்குக் கேட்டதோ என்னவோ. இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொன்றிலும் அக்காவும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த இடைவெளியில் அவளுக்குத்தான் மூச்சு முட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

அதற்கப்புறம் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. இமைகளை மூடிப் பிடித்துக்கொண்டாள். கைகால்களை நீட்டி விட்டாள். பழைய துண்டைக் கிழித்து முகவாயைச் சேர்த்துத் தலை உச்சியில் முடிச்சுப் போட்டாள். விரிப்பை மாற்ற அவனைப் பக்கவாட்டில் புரட்டியபோது முதுகில் அந்தத் தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் இவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஒன்றரை. அவனை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விரிப்பை மாற்றினாள்.

பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டுத் தச்சர் வந்தார். நோயாளியைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்க அவர் தினமும் அந்த நேரத்துக்கு வருவார். வாசற்படியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு, வண்டியில் போனால் பத்தே நிமிஷம், காலேஜ் ஆபீசில் சொல்லி அந்தம்மாவைக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அக்கா அவரைத் தடுத்தாள். தம்பி கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். தச்சருக்கு அது ஒப்பவில்லை. கட்டின மனைவிக்குத் தெரியாமல் எப்படி என்றார். நாளைக்கு அந்தம்மா தன்னைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார்.

"நான்தான் போக விடலேன்னு சொல்லுங்க தச்சரே. ஏழு வருஷமா அவ கண்ணுக்கு நான் வில்லிதானே. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்."

தச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள். தினமும் இந்த நேரத்துக்கு அழைப்பாள். அக்கா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தூங்குகிறான் என்றாள். மகள் சாயங்கால ரயிலில் வருவதாகச் சொன்னாள். அம்மா பரீட்சைக்குப் போயிருப்பதைக் கேட்டு அவளுக்கு ஆச்சரியம்.

"நீங்க போகச் சொன்னீங்களா அத்தை?"

"ஆமா."

"நீங்களா?" மகள் நம்பாமல் கேட்டாள். பிறகு, "தாங்க்ஸ் அத்தை" என்றாள்.

அக்கா போனை வைத்தாள்.  செத்துக் கிடக்கிறவனைத் தூங்குகிறான் என்று அவன் பெற்ற பெண்ணிடமே சொல்லியாகிவிட்டது. அதற்கு நன்றியும் வாங்கியாகிவிட்டது. இனி ஒரு நிமிஷம்கூட முடியாது என்று தோன்றியது. வண்டியை எடுங்கள் என்றாள். தச்சர் எழுந்து ஓடினார். வாசலில் வண்டி உறுமியது.

அவள் கட்டிலைப் பார்த்தாள். கணக்கு நோட்டு அவன் தலைமாட்டிலேயே கிடந்தது. ராத்திரி அவனருகில் உட்கார்ந்து படித்துவிட்டு விட்டுப்போயிருக்கிறாள். திறந்திருந்த பக்கத்தில் அடித்தல் திருத்தலோடு ஒரே கணக்கை நாலு தடவை போட்டிருந்தாள். முதல் மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. நாலாவதுக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு. அக்காவுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் இந்நேரம் எங்கோ ஒரு பெஞ்சில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, தப்பை அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருப்பாள் என்பது கண்ணெதிரே நடப்பதுபோல் தெரிந்தது. வாசலுக்கு ஓடினாள். தெருமுனையை நெருங்கிவிட்ட தச்சரைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு பதினாலு.  ஒரு தடவை தச்சர் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குடிக்க மறந்துபோனாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவரைக் கல்லூரி வாசலில் போய் நிற்கச் சொன்னாள். உள்ளே போக வேண்டாம், அவளாக வெளியே வரட்டும். ஒன்றும் சொல்லவும் வேண்டாம், உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள் என்றாள்.

சரியாக ஒரு மணிக்கு மகளுக்கு போன் போட்டாள். மகள் அழுதாள். அழுகை நடுவில் நின்றது.

"அப்போ பன்னெண்டு மணிக்கு?"

"அப்பவும்தான்."

மகள் போனை வைத்துவிட்டாள். அக்கா அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு வாசலில் வண்டி நின்றது. தம்பி மனைவி ஓடி வரவில்லை. செருப்பைக் கழற்றினாள், உள்ளே வந்தாள், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தச்சர் வெளியிலேயே நின்றுகொண்டார். அக்கா சுவரோரம் நின்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு இருபது."

அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் இன்னும் அங்கேதான் இருக்கும் என்பதுபோல் பார்த்தாள்.

"காலைல நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் சொல்லச் சொன்னாரா?"

"திங்கக்கிழமை சொன்னான். ஆனா உங்கிட்ட பொய் சொன்னது நான்தான்."

தம்பி மனைவி தலையை அசைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. வைகிறபடி வைதுவிட்டால் தேவலை என்று இருந்தது. அவள் வையவில்லை. அவன் தலை உச்சியில் இருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சில் அவன் மயிர் கொஞ்சம் சிக்கியிருந்தது. எழுந்து மண்டியிட்டு, ஒவ்வொரு இழையாக, அவனுக்கு வலிக்காதபடி எடுத்துவிட்டாள். அவள் விரல் நுனியில் மை இருந்தது. எல்லாம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஆறு கணக்கும் போட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று சொல்ல முடியாது.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் உன்னைச் சொன்னது..."

"வேணாம் அண்ணி."

வெளியே யாரோ வந்து தச்சரிடம் தணிந்த குரலில் விசாரிப்பது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிடும். நாற்காலிகளுக்குச் சொல்ல வேண்டும், கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அக்கா அதற்கெல்லாம் போகவில்லை. தம்பி மனைவிக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் தோளில் இன்னும் பை தொங்கிக்கொண்டிருந்தது. வார் புடவையைச் சுருட்டிப் பிடித்து ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. அக்கா வாரைப் பிடித்து மெல்லக் கழற்றினாள். தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள்.

பை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அக்கா அதைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.