மோட்டாரிடம் சொல்லிவிடு

1

இந்தக் கதையைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு காபிக் கடையில் திருடினேன். பக்கத்து மேசைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்குமுன் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். எனவே முடிவு என்னிடம் இல்லை. பென்ஷன்காரன், நேரம் கிடக்கிறது. நானே செய்துகொள்கிறேன்.

2

‘அமராவதிபுதூரில் நூறு பனை ஆழத்தில் ஒரு கிணறு...’ முறைக்காதீர்கள். சரி, ஐந்து பனை.*

ஆண்டு 1968. கிணற்றுக்காரர் மலையாண்டி, கமலையில் தண்ணீர் இறைத்த இரண்டு மாடுகளையும் மனைவியிடம் கேட்காமல் விற்று, கரண்டு மோட்டார் வாங்கினார். நாகவல்லி அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

பேச்சை நிறுத்துவது என்றால் அங்கே ஊமையாவது அல்ல. மாட்டைப் பார்த்துச் சொன்னால், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். இந்த வீட்டுச் சண்டைகளையெல்லாம் அந்த மாடுகள்தான் சுமந்தன. விற்கும்போது மலையாண்டி யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

3

நாகவல்லி தூக்குச்சட்டியை வைத்துவிட்டு மோட்டாரைப் பார்த்தாள்.

“ஏ மோட்டாரு, கஞ்சி வந்திருக்குன்னு அவுககிட்டச் சொல்லு.”

“தொட்டுக்கிட என்னன்னு அவகிட்டக் கேளு மோட்டாரு.”

“மாடு வித்த காசு இருக்குல்ல, அதைத் தொட்டுக்கிடச் சொல்லு.”

மலையாண்டி சுவிட்சைப் போட்டார். மோட்டார் சிரித்தது. [அடித்துவிட்டேன். இயந்திரம் சிரிக்காது. மாடாவது காதை ஆட்டும். இது எந்தப் பக்கமும் சேராது. மனிதனும் இயந்திரமும் உரையாடுவதென்பது... விடுங்கள், கஞ்சி ஆறுகிறது.]

4

சித்திரையில் உள்ளே கம்பிச் சுருள் கருகி, மோட்டார் ரீவைண்டிங்குக்குக் காரைக்குடி போனது. மிஞ்சியது வெறும் சிமெண்டு மேடை. அன்று நாகவல்லி கையில் தூக்குச்சட்டி இல்லை, துணிமூட்டை. மேடையைப் பார்த்து ஆரம்பித்தாள்:

“நாச்சியாபுரத்துக்கு, எங்க ஆத்தா வீட்டுக்கே போறேன், இனி வரமாட்டேன்னு...”

யாரைச் சொல்லச் சொல்வது? வாக்கியம் அந்தரத்தில் நின்றது. பக்கத்து மேசைக்காரரும் கதையை இங்கே விட்டுத்தான் பஸ் ஏறினார்.

5

முடிவு அ: விற்ற மாடுகள் மோப்பம் பிடித்து இருநூறு மைல் ஓடி வருகின்றன. (இதைப் படித்த என் மனைவி, “வந்தா மறுபடியும் மாட்டுக்கிட்டத்தானே பேசுவாக?” என்றாள். கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மலையாண்டி துண்டை உதறிவிட்டு மேடையில் ஏறி, மோட்டார் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

“நாந்தேன் மோட்டாரு. சொல்லு.”

புருஷனை ஒருநாளும் ‘நீ’ என்று சொல்லியறியாதவள் நாகவல்லி. மோட்டாரைச் சொல்லலாம்.

“நீயே கேளு மோட்டாரு. விக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம் அவுகளுக்கு?”

இதற்கு மோட்டார் சொன்ன பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். நாச்சியாபுரம் பஸ் ஹாரன் அடிக்கிறது. அவள் இன்னும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

* பனை, கிணற்றுக்கான அளவு அல்ல. என் பொய்க்கான அளவு.