சின்ன விரல்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு விரல்காரி என்று பெயர். விற்பனைக்குப் போகும் மின்சாதனம் எதுவானாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வர வேண்டும். மனித விரல் போலவே கணுக்கணுவாக மடங்கும் ஓர் எஃகு விரல் அவளிடம் இருந்தது. சாதனத்தின் ஓட்டை, இடுக்கு ஒன்று விடாமல் அதை நுழைத்துப் பார்ப்பாள். உள்ளே மின்சாரம் ஓடும் பாகத்தை அது தொட்டுவிட்டால், கம்பியின் மறுமுனையில் ஒரு குட்டிப் பல்பு எரியும். எரிந்தால் சான்றிதழ் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, பொய் சொல்வானேன்.

அன்று வந்தது பழைய சிநேகிதம். கூரையில் நட்சத்திரம் காட்டும், நிலா முகம் வைத்த விளக்கு. இரண்டரை வருடம் முன்பு அவளே சோதித்து, அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. அண்ணனுக்குப் பெண் பிறந்தபோது அதிலேயே ஒன்றை வாங்கிக் கொடுத்து, நான் பார்த்த சாமான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று பெருமையடித்துக்கொண்டவள் அவள். இப்போது உள்ளே ஏதோ ஒரு பாகத்தைத் தொழிற்சாலை மாற்றியிருக்கிறதாம். வெப்பச் சோதனை மட்டும் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

வெப்பச் சோதனை என்றால் ஏழு மணி நேரம். விளக்கின் அடிப்பாகத்தில் மெல்லிய துணியைச் சுற்றி, சூடு அளக்கும் முடி போன்ற கம்பிகளை ஒட்டி, ஜன்னலில்லாத அறையில் காற்று அசையாமல் கதவைச் சாத்திக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. நட்சத்திரங்கள் கூரையில் ஏறி, கதவில் இறங்கி, அவள் வெள்ளைக் கோட்டின் மேல் நிதானமாக நகர்ந்தன. சாப்பிட்ட மயக்கம் வேறு. கோழித் தூக்கம் போட்டுவிட்டாள்.

தூக்கத்தில் கூரை இல்லை. நட்சத்திரங்கள் அறையை விட்டு நடைபாதை, மாடிப்படி, தெரு என்று நகர்ந்து போயின. அவளும் பின்னாலேயே போனாள், கால் தரையில் படவில்லை. போய்ச் சேர்ந்தது அண்ணன் வீட்டில். குழந்தை சுவரில் ஓடிய நட்சத்திரங்களைப் பொத்திப் பொத்திப் பிடித்தாள். கையைத் திறந்தால் ஒன்றும் இல்லை. சலிக்காமல் திரும்பி, அவை வந்த வழியே நடந்து விளக்கிடம் வந்தாள். விளக்கின் அடியில், காற்றுக்காக விட்ட இடுக்குகளிலும் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. குழந்தை ஒரு விரலை நீட்டினாள்.

விழித்தபோது எண் அறுபத்து நான்கில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. "உன் மருமக நட்சத்திரம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டா." அப்போது இவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

பழைய கோப்பை எடுத்தாள். முதல் பக்கத்தில் தொழிற்சாலை எழுதியிருந்தது, அலங்கார விளக்கு. அலங்கார விளக்கு என்றால் பெரியவர்கள் விரல் அளவில் செய்த எஃகு விரல் போதும். குழந்தைச் சாமான் என்றால்தான் குழந்தை விரல் அளவுள்ள சின்ன விரல். தாளில் இருந்ததைப் படித்திருக்கிறாள், எதிரே விளக்கு நிலா முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. இழுப்பறையின் அடியிலிருந்து சின்ன விரலை எடுத்தாள். பெட்டியில் மாதிரிக்காக வைத்திருந்த இன்னொரு விளக்கின் இடுக்கில் நுழைத்தாள். தடையே இல்லாமல் போயிற்று. குட்டிப் பல்பு எரிந்தது.

உடனே போனை எடுத்தாள். "அண்ணி, அந்த விளக்கைப் பிளக்கிலிருந்து புடுங்கிடுங்க. இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன்." அண்ணி போய் வந்தாள். பின்னாலேயே அழுகை வந்து, போனைப் பிடுங்கிக்கொண்டது.

"அத்தை, நட்சத்திரம் போச்சு."

"போகட்டும்டா கண்ணு," என்றாள்.

கூடத்துத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், அவள்மேல் பாசம் உள்ளவர். கேட்டது வெப்பச் சோதனைதான், அதில் விளக்கு தேறிவிடும், இத்தனை நாளில் ஒரு புகாரும் வரவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பழைய சான்றிதழில் இருப்பது அவள் கையெழுத்து. கிளறினால் முதலில் போவது அவள் உரிமம் என்றும் சொன்னார். "சும்மா கிடக்கிற சங்கை எதுக்கும்மா ஊதணும்? இனிமே செய்யறதுல இடுக்கைச் சின்னதாக்கச் சொல்லிடலாம்."

"இதுவரைக்கும் எத்தனை வித்திருக்கும் சார்?"

"நாப்பதாயிரம் இருக்கும்."

"எனக்கு ஒரு வீட்டு நம்பர்தான் சார் தெரியும்," என்றாள் அவள். "அந்த வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன்."



அறைக்குத் திரும்பி, விற்ற விளக்குகள் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், சோதித்தவர் தவறான விரலை எடுத்தார் என்று எழுதினாள். ஏழு வருடம் சேர்த்த பேர். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். சோதனை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நட்சத்திரங்கள் அந்தத் தாளின் மேலும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.