எட்டிலிருந்து மூன்றுக்கு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனையில் என் பக்கத்து நாற்காலிக்காரர் கைபேசியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ‘இன்று வலி எவ்வளவு?’ என்ற கேள்விக்குக் கீழே, பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓடிய கோட்டில் இருந்த புள்ளியை வீங்கிய கட்டைவிரலால் எட்டுக்கு நகர்த்தினார். யோசித்தார். பிறகு மூன்றுக்கு இழுத்துவிட்டார். திரையில் ஒரு பச்சை இலை துளிர்த்தது.

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

‘அந்தி வெளிச்சம் அவர் விரல்களில் பட்டு—’

வேண்டாம். அப்போது மணி காலை பதினொன்று.

அவரை முடிதிருத்துபவர் ஆக்குகிறேன். முடக்குவாதம். நாள்பட்ட நோயைத் தாமே சமாளிக்கக் கற்றுத்தரும் இணையவழித் திட்டம் ஒன்றில் மகள் சேர்த்துவிட்டிருக்கிறாள். விரல் பயிற்சிக் காணொளி, மாத்திரை நினைவூட்டல், தினமும் அந்தக் கேள்வி. வாரக் கடைசியில் மகளுக்கும் ஓர் அறிக்கை போகும்.

(ஏன் மூன்று? பூஜ்யம் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். பொய் சொல்லத் தெரிந்தவர் கொஞ்சம் வலியை மிச்சம் வைப்பார். இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.)

3

கடையில் கத்தரிக்கோல் நழுவுகிறது.

“அண்ணே, பார்த்து! அந்தக் காது இன்னும் எனக்கு வேணும்,” என்கிறார் வாடிக்கையாளர்.

“ஆடுனது உங்க தலை, பழி என் கைக்கா?”

சீப்பைக் கழுவுவதுபோல வலக்கையை வெந்நீரில் முக்கி வைக்கிறார். இடக்கையில் கைபேசி. மகள்.

“என்னப்பா, வாரம் முழுக்கப் பச்சை இலை! காடே வளர்த்துட்டீங்க போல.”

“உங்கப்பன்னா சும்மாவா?”

“அப்போ அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடட்டுமா?”

கடல் தாண்டிய வேலை. மூன்று வருட ஒப்பந்தம்.

“இன்னுமா சொல்லல?” என்கிறார். கை வெந்நீரில்தான் இருக்கிறது.

4

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வருகிறது. மகளுக்காகத்தான் மூன்றா? எட்டு போட்டால் அழுமூஞ்சிப் பொம்மை வந்து பன்னிரண்டு கேள்வி கேட்கும். அந்தச் சலிப்பாகக்கூட இருக்கலாமே. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படி மாட்டிக்கொள்பவர்கள் மழையில் நடந்து எங்கோ போய்விடுவார்கள். இவருக்கு மூன்று மணிக்கு ஒரு மொட்டை இருக்கிறது.

5

அவரும் நானும் கவனிக்காத ஒன்று: அறிக்கை டாக்டருக்கும் போகிறது.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். முப்பது நாள், முப்பது மூன்றுகள். மேடு பள்ளமே இல்லாத நேர்கோடு.

“பிரமாதம்! மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம்.”

முழு மாத்திரைக்கே விரல் மடங்கவில்லை. விரல் போனால் கடை போச்சு. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளுக்கு விமானம்.

முடிவு ஒன்று: தலையாட்டுகிறார். எழுதிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் கடைக்கதவின் பூட்டைத் திறக்க முடியாமல் நின்றார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். மகள் பயணச்சீட்டை ரத்து—

அதையும் அடித்துவிட்டேன். அவளை நிறுத்திவைக்க நான் யார்?

டாக்டர் பேனாவை எடுக்கிறார். அதற்குள் மகள், நான் எழுதாமலேயே, அப்பாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள்.

“அப்பா, நிஜமா எத்தனை?”

நான் பார்த்த அந்த ஒன்றைத் தவிர, இதுவரை அவருக்காக அத்தனை மூன்றுகளையும் போட்டது நான்தான். இனி நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். நீங்கள் சொல்லுங்கள். அவள் இன்னும் கையை விடவில்லை.