பதினெட்டு மணிப் பயணம்

1.
ஒரு கூட்டல் தவறிலிருந்து பிறந்த கதை இது. தவறைக் கண்டுபிடித்தவர் தாம்தான் என்று, அதைச் செய்தவரே என்னிடம் சொன்னார். நம்பி நான்கு பக்கம் எழுதினேன். பிறகு கதை நடந்த நெல்லித்தோப்பில் மற்றவர்களையும் விசாரித்தேன். நான்கு பக்கமும் போயிற்று.

2.
முதல் தொடக்கம்: "1975 ஜனவரி. மேற்கு வானில் ஒரு வெள்ளிப் பறவை, எட்டாயிரம் கிலோமீட்டரை ஒரே மூச்சில்..." (பொய். எண்ணெய் போட வழியில் இறங்கும்.)

இரண்டாம் தொடக்கம்: மில் தொழிலாளி இராமதாஸ் இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் முருகையன் பாரீசில் இருந்தான். அவன் தந்தி: "வியாழன் பகல் பன்னிரண்டுக்கு இங்கே விமானம். சென்னைக்குப் பதினெட்டு மணிப் பயணம்."

இதுவே இருக்கட்டும்.

3.
தந்தியைப் படித்தவர் தெய்வசிகாமணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர், தெருவுக்கு 'சொல்தா' (பிரெஞ்சில் சிப்பாய்). அவர் கைக்கடிகாரம் எப்போதும் பாரீஸ் நேரம் காட்டும். (நம்மூர் மணியைப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துக்கொள்வார்.)

"பன்னெண்டும் பதினெட்டும் முப்பது. வெள்ளி காலையில ஆறுக்கு மெட்ராஸ். கார்ல நாலு மணி நேரம். பத்துக்குப் புள்ள இங்க இருப்பான், தனக்கொடி."

"நீங்க கப்பல்ல இருபத்திமூணு நாளு போனீங்களே, அந்த ஊர்லேர்ந்தாண்ணே?" இராமதாசின் மனைவி தனக்கொடி ஒரு நொடி அழ மறந்தாள்.

4.
வெள்ளி, பத்து மணி. மகனைக் காணோம். ஐஸ் கரைந்து வாசல்வரை ஓடியது.

"பொறப்பட்டானோ என்னமோ. பொணம் தாங்காது அண்ணி. நானே கொள்ளி வெக்கிறேன், தூக்குங்கப்பா" என்றார் இராமதாசின் தம்பி ஜானகிராமன்.

நான்கு பேர் பாடையருகே குனிந்தார்கள். தனக்கொடி... (இங்கே அவளை மயங்கி விழவைத்திருந்தேன். அவள் விழவில்லை.) சொல்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுல என்னா மணிண்ணே?"

"அது பாரீசு மணி. அஞ்சரை."

"அவன் ஏறுன பன்னெண்டு எந்த ஊரு பன்னெண்டு?"

சொல்தா கடிகாரத்தைப் பார்த்தார். "பாரீசு பன்னெண்டுதான்."

"அப்போ எறங்குற ஆறும் இந்தக் கடியாரத்து ஆறுதான? இன்னும் ஆறே ஆவலியே! எம்புள்ள இன்னும் வானத்துல இருக்கான்."

மொத்தத் தெருவும் அண்ணாந்து பார்த்தது.

"அப்போ அங்க இன்னும் விடியலியா?" என்றார் பாடைக்குக் குனிந்த ஒருவர், நிமிர்ந்து.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாள் கேலி செய்ய எழுதியவன், நானும் சிரிக்கவில்லை. இங்கே வெயில் சுடுகிறது; அதே நொடியில் அங்கே இருட்டு. அந்த இருட்டுக்கும் இந்த வெயிலுக்கும் நடுவிலிருந்த நாலரை மணி நேரத்தை ஒருவன் உட்கார்ந்தபடியே கடந்துவிட்டான், அப்பா முகம் பார்க்க.

"அப்போ இங்க வந்து சேர ரெண்டரை ஆவும்" என்றார் ஜானகிராமன். "ரெண்டு மணி வரைக்கும்தான் அண்ணி. அதுக்கு மேல மொகமே மொகமா இருக்காது."

5.
இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அழுதேன், இன்னொன்றில் பொய் சொன்னேன். இரண்டையும் கிழித்தாயிற்று.

எட்டாயிரம் கிலோமீட்டர் நான் கொண்டுவந்துவிட்டேன். மீதி நூற்றைம்பது உங்களுடையது. வாடகைக் கார், பின்சீட்டில் முருகையன். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க வேண்டும். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டை மூடியிருக்கிறார்கள்.