ட்ரெபிள் ஒன்பது

மூன்றாவது ஒலிப்பதிவாளரும் என் கிட்டாரைப் பற்றி அதையே சொன்னபோது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முதல் ஆள், "அண்ணே, காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றான். "அப்போ தாலாட்டு பதிவு பண்ணப் போ" என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆளோடு போனிலேயே சண்டை. மூன்றாமவர் அதிகம் பேசாத மனிதர். "உச்சிச் சத்தம் ரொம்ப கூசுது. இதே பாட்டுக்கு முதல் வருஷம் வெச்ச செட்டிங் இருந்தா அனுப்புங்க" என்று மட்டும் எழுதியிருந்தார்.

இல்லாமல் எங்கே போகும்? என்னிடம் எல்லாம் இருக்கும். ஒன்பது வருஷமாக ஒரு செட்டிங்கைக்கூட நான் அழித்ததில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் செட்டிங் ஒன்றுதான் என்று காட்டி, அவர் முகத்தில் கரியைப் பூசலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். நான் கிட்டார், என் தங்கை பேஸ், அவள் கணவர் டிரம்ஸ். வார நாட்களில் நான் பட்டறையில் இரும்புக்குச் சாணை பிடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பட்டறையின் மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய அறையில் வாசிப்போம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் எங்கள் ஆறு பாட்டுகளை ஆல்பமாகப் பதிவு செய்யப் போகிறோம்; அதற்கு மாதிரியாகத்தான் என் வாசிப்பை ஒலிப்பதிவாளர்களுக்கு அனுப்பியிருந்தேன். பாட்டு எழுதுவது தங்கை. தாளம் மாப்பிள்ளை. சத்தம் மட்டும் என்னுடையது. அந்தக் கனமான, நெஞ்சில் இடிக்கிற கிட்டார் சத்தம் இல்லையென்றால் எனக்கு அந்தக் குழுவில் என்ன வேலை?

அந்தச் சத்தத்தை நான் ஒரு சின்னப் பெட்டிக்குள்தான் செய்கிறேன். பீரோ அளவு ஆம்ப்ளிஃபயர்கள் நூறின் சத்தம், வெறும் கணக்காக அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆம்பைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, உறுமலுக்குக் கெயின், அடிச் சத்தத்துக்குப் பேஸ், உச்சிச் சத்தத்துக்கு ட்ரெபிள் என்று ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். கடைசியாக ஒரு வெட்டு. இவ்வளவு கெயின் ஏற்றினால் உச்சியில் ஒரு சடசடப்பு வரும், சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி. அதை எந்த இடத்துக்கு மேல் வெட்டுவது என்பதில்தான் ஆளின் காது தெரியும். நான் ஹெட்ஃபோனைப் பெட்டியிலேயே சொருகி நேராகக் கேட்பேன். மற்ற இருவருக்கும் என் சத்தம் மிக்சர் வழியாக ஸ்பீக்கரில் போகும். திருப்தியானதும் அன்றைய தேதியைப் போட்டுச் சேமித்துவிடுவேன்.

அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் வருஷம் ட்ரெபிள் நாலரை, வெட்டு ஆறாயிரம் ஹெர்ட்ஸில். மூன்றாம் வருஷம் ட்ரெபிள் ஐந்தரை, வெட்டு ஏழாயிரம். ஆறாம் வருஷம் ஏழு, ஒன்பதாயிரம். போன மாதம் ட்ரெபிள் ஒன்பது. வெட்டே இல்லை.

ஒரு தடவைகூட நான் கீழே இறக்கியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் மந்தமா இருக்கே" என்று ஏற்றியிருக்கிறேன். கம்பி பழசு என்று மாற்றியது ஞாபகம் வந்தது. கேபிளைத் திட்டியது, கூர்மை போய்விட்டது என்று மூன்று ஹெட்ஃபோன் மாற்றியது, எல்லாம் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் மிக்சரில் இருக்கும் அந்த டேப்பை நினைத்தேன். என் கிட்டார் வரிசையில் ட்ரெபிள் குமிழின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, மாப்பிள்ளை வெள்ளை மையில் "பழுது, தொடாதே" என்று எழுதியிருப்பார். ஊரில் உள்ள இயந்திரத்தையெல்லாம் பிரித்துப் போடுகிற ஆள் நான். "குடுங்க மாப்பிள்ளை, பத்து நிமிஷத்துல சரி பண்றேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அது கிடக்கட்டும் மச்சான், வாங்க வாசிப்போம்" என்பார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய் டேப்பை உரித்தேன். குமிழ் வெண்ணெய் மாதிரி சுழன்றது. பழுதெல்லாம் ஒன்றும் இல்லை. அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள்.

தங்கைக்கு போன் செய்தேன்.

"டேப்பை எடுத்துட்டேன்."

எந்த டேப் என்று அவள் கேட்கவில்லை.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும்ணா."

"ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க இல்ல?"

"ஆமா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அன்னிக்கு நீ ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, 'இப்பதான்டி சரியா வந்திருக்கு'ன்னு சிரிச்சே. எங்களால ஸ்பீக்கர் பக்கம் நிக்கவே முடியல. எப்படிச் சொல்றது? சொன்னா நீ எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் போயிடுவே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

தெரியும்தான். போனை வைத்துவிட்டு மெத்தையில் முகத்தைப் புதைத்து அழுதேன். கோபமாக இருந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. ஊசி குத்துகிறது என்ற பையனிடம் என்ன வாய் பேசியிருக்கிறேன்!

காது மருத்துவர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். நடுவில் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று வெளியே பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். தாளில் கோடு நேராகப் போய், நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்தது. சாணைக் கல்லும் கிட்டாரும் சேர்ந்து செய்தது, போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார். என் செட்டிங் வரிசை ஏற்கெனவே சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

பதிவுக்கு முந்தின ஞாயிறு மாடிக்குப் போனேன். இரண்டு பேரும் குற்றம் செய்த பிள்ளைகளாக நின்றார்கள். நான் மிக்சரின் குமிழை நேராக நடுவில் வைத்தேன். பெட்டியில் முதல் வருஷத்துச் செட்டிங்கைத் திறந்து, கிட்டார் கம்பியை ஒரு தட்டு தட்டினேன். கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. கை தானாக ட்ரெபிளுக்குப் போனது. கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டேன்.

"இங்க வா" என்றேன் தங்கையிடம். "நான் வாசிக்கிறேன், நீ திருப்பு."

"எனக்கு என்னண்ணா தெரியும்?"

"கேக்குதில்ல? அது போதும்."

ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். வாசித்தேன். அவள் கெயினைக் குறைத்தாள், நடுச் சத்தத்தை ஏற்றினாள், வெட்டை ஐந்தாயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கினாள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் புருவம் சுருங்கியிருந்தது. பிறகு சுருக்கம் போனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து, "மச்சான்… இதுதான்" என்றார்.

நான் நிறுத்தினேன். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"சேவ் பண்ணட்டுமா? என்ன பேர் போட? தேதியா?"

"தேதி போடு" என்றேன். "பக்கத்துல, தங்கச்சி கேட்டதுன்னு போடு."